தானாக விழுந்தவர்கள்

தெய்வானையை மோதிய காரின் முன்பக்கத்திலிருந்து அவளுடைய சாவைக் கிட்டத்தட்ட ஒரே துண்டாக உரித்தெடுத்து, நான்காக மடித்து, தள்ளுவண்டியில் ஏற்றிக் கல்லுக்குழிக்கு அனுப்பிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு டீக்கடைக்குப் போனவன் அவளுடைய புருஷன் அர்த்தநாரிதான் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் அந்தப் பெயிண்டைச் சேலத்திலிருந்து இறக்கி விற்றவன் யார், அதை அடிக்கச் சொல்லி வரிசையில் நின்றவர்கள் யார், கல்லுக்குழியில் கிடக்கிற மற்றத் தோல்களெல்லாம் யாருடையவை என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். விற்றவன் நான். தகரக்கார வீதியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு கறுப்பு ரப்பர் பெயிண்ட். காரின் கிரில், பம்பர், கண்ணாடி மூடி, வீல், பேனட் என்று எதன்மேலும் அடிக்கலாம். காய்ந்தால் பளபளப்பில்லாத கறுப்புத் தோலாக ஒட்டிக்கொள்ளும். வேண்டாமென்று தோன்றினால் ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பி இழுத்தால் அவித்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி வந்துவிடும், அடியில் கம்பெனி பெயிண்ட் வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். லாரியும் போர்வெல் ரிக்கும் ஓட்டிப் பிழைக்கிற ஊர் எங்களுடையது, வண்டிக்கு ஒன்று என்றால் பெற்ற பிள்ளைக்கு வந்ததைவிட அதிகமாகப் பதறுவோம், அதனால் இந்த டப்பாக்கள் என் கடைக்கு வந்த வாரமே தீர்ந்துபோயின. அடிப்பதற்கு அர்த்தநாரி இருந்தான். அவன் அடித்தால் தூசி உட்காராது, வழியாது, ஓரம் பிசிறடிக்காது. வெயில் ஏறுவதற்கு முன்னால் வண்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, மெழுகின் வாசனைகூட இல்லாமல் துடைத்து, விளக்குக்கும் கண்ணாடிக்கும் டேப் ஒட்டி, முதல் கோட்டைத் தூறல் மாதிரித் தெளித்து, ஆறவிட்டு, அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று அவன் வேலை செய்வதைப் பார்த்தால் காய்ச்சல்காரனுக்குப் போர்வை போர்த்துகிற மாதிரி இருக்கும்.

பங்குனித் தேர் முடிந்த மறுநாள், தெய்வானையின் தம்பி சென்னியப்பன் தன் முட்டை வேனைக் கோயில் ஆர்ச்சின் தூணில் கொண்டுபோய் இடித்தான். முன்பக்கம் முழுக்க ரப்பர் அடித்த வேன். வலது மட்கார்டில் ஒரு சட்டி கவிழ்த்தால் பொருந்துகிற அளவுக்கு ஒடுக்கு. டிங்கர் கரீம் பாய் தட்டி நிமிர்த்துவதற்கு முன் ரப்பரை எடுத்துவிடலாம் என்று அர்த்தநாரி ஓரத்தை நெம்பி இழுத்தான். தோல் வந்தது, தோலோடு ஒடுக்கும் வந்தது. மட்கார்டு கண்ணாடி மாதிரி நேராக நின்றது. அர்த்தநாரியின் கையில் தொங்கின தோலில் அந்தச் சட்டியளவு பள்ளம் அப்படியே இருந்தது, கரீம் பாய் அதில் சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார், தண்ணீர் தளும்பி நின்றது.

"எம் பொழப்புல மண்ணு விழுந்துச்சு, போ," என்றார் கரீம் பாய். சுத்தியலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது.

ஆச்சரியப்பட எங்களுக்கு நேரம் இல்லை. எந்த நாளில் அடித்தால் நல்லது என்பதுதான் கேள்வியாக இருந்தது, அமாவாசை என்று முடிவானது, அமாவாசைதோறும் பூசணிக்காய் உடைப்பதற்கு முன்னால் ரப்பர் அடிப்பது என்று வழக்கமாயிற்று. மலையடிவாரக் கோயில் பூசாரி ரப்பரின்மேல் வைத்த சந்தனம் மறுநாளே உதிர்கிறதென்று குறைப்பட்டுக்கொண்டார், பிறகு கண்ணாடியில் வைக்கப் பழகிக்கொண்டார். இன்சூரன்ஸ் ஆள் ஒருவர் ஈரோட்டிலிருந்து வந்து மூன்று தோல்களைத் தடவிப் பார்த்தார், மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டார், தன் காருக்கும் அடித்துக்கொண்டு போனார். கரீம் பாய் தள்ளுவண்டி ஒன்று வாங்கினார். உரித்த தோல்களை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாததால், கரட்டுக் குன்றுக்கு மேற்கே கல் வெட்டி முடித்துக் கைவிட்ட குழியில் கொண்டுபோய்க் கொட்டுவது அவர் சோலியானது. ரப்பர் அடித்த வண்டிக்கு எது நேர்ந்தாலும் அது தோலோடு போய்விடும், வண்டிக்கு ஒன்றும் நேர்ந்ததாகாது. இது எங்களுக்கு இரண்டு மாதத்தில் பழகிப்போயிற்று, குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி.

ஆடி மாதம் ஒரு டிப்பர் லாரி, பால்காரர் நல்லண்ணனை அவர் சைக்கிளோடும் கேன்களோடும் சேர்த்து அடித்துத் தூக்கியது. டிரைவர் நேராகத் தகரக்கார வீதிக்கு வந்து அர்த்தநாரியின் பட்டறைமுன் லாரியை நிறுத்தினான், பம்பரைக் கையால் காட்டினான். அர்த்தநாரி உரித்தான். அந்தத் தோல் தரையில் விழுந்தபோது சத்தம் வந்தது. அதுவரை எந்தத் தோலையும் ஒரு கையால் சுருட்டி எறிந்தவன், அன்று கரீம் பாயை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னான், இரண்டு பேரும் மூச்சு வாங்கத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். தொட்டுப் பார்த்த எனக்கு அது சூடாக இருந்தது என்று நினைவு.

எங்கள் இன்ஸ்பெக்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காசு கையால் தொடமாட்டார். வந்தார், குனிந்தார், பம்பரைத் தடவினார், டார்ச் அடித்து அடியில் பார்த்தார், ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு இல்லை, ஒரு முடி இல்லை. கண்ணால் பார்க்காததை எழுதமாட்டேன் என்றார். ஸ்டேஷன் ரைட்டர் பதிவேட்டில் நல்லண்ணன் பெயருக்கு நேராக, 'சைக்கிளிலிருந்து தானாக விழுந்தவர்' என்று எழுதினார். அதற்கடுத்த மாதம் மூன்று பேர் தானாக விழுந்தார்கள். தீபாவளிக்குள் பதினோரு பேர். மறு வருஷம் ஆடி முடியும்போது எங்கள் ஊர் எல்லைக்குள் நாற்பத்தொரு பேர், வயதானவர்களும் பள்ளிக்கூடம் போகிறவர்களும் மாசமாக இருந்த ஒருத்தியும், தார் ரோட்டில் தானாக விழுந்து தானாகச் செத்திருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கால் சரியில்லை என்று பக்கத்து ஊரில் கேலி பேசினார்கள். நாங்களும் சிரித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அப்போது இல்லை.

தெய்வானை மட்டும் சிரிக்கவில்லை. பைபாஸ் தாண்டியிருக்கிற நூல் மில்லில் அவளுக்கு வேலை, காலை ஷிப்ட், போக இரண்டு மைல், வர இரண்டு மைல், எல்லாம் நடைதான். ரோட்டை விட்டு இறங்கி வேலிமுள்ளுக்குள் நடக்கப் பழகியிருந்தாள், சேலை ஓரமெல்லாம் முள் கிழித்த கிழிசல். ஒருநாள் அர்த்தநாரிக்குச் சோறு கொண்டுவந்தவள், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றும் பார்க்காமல் கேட்டாள்.

"ஏனுங்க, உரிக்கறப்ப கனமா இருந்தா உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

"தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்ணுவீங்க?"

"மடிச்சு வெப்பேன்."

"அத மனுசங்க மேல அடிக்க முடியாதுங்களா? மில்லுல பொம்பளைங்க கேக்கறாங்க. நடக்கறவங்களுக்கு அடிச்சுட்டா, மோதுனாலும் தோலுக்குத்தான் ஆவும்."

அர்த்தநாரி தன் முழங்கையில் ஒருமுறை அடித்துப் பார்த்திருந்தான். "வேர்வைக்கு நிக்காது," என்றான். "வண்டிக்குத்தான் நிக்கும்."

"அப்படீன்னா இந்த சோலிய விட்டுருங்க. நீங்க உரிக்காட்டி இன்னொருத்தன் உரிப்பான்னு மட்டும் சொல்லாதீங்க, அத எல்லாருந்தான் சொல்றாங்க." சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு போனாள். அவன் விடவில்லை. என்னைக் கேட்டால், அவனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது; கசங்கினது நேராகிறதை நாள் முழுக்கப் பார்க்கிறவனுக்கு அதை விடுவது கஷ்டம்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டே முக்காலுக்கு ரிக் ஓனர் வையாபுரி தன் வெள்ளைக் காரைப் பட்டறைமுன் கொண்டுவந்து நிறுத்தினார். பம்பருக்கும் கிரில்லுக்கும் கறுப்பு ரப்பர். "நாயி ஒண்ணு குறுக்க வந்துருச்சப்பா, உரிச்சுடு," என்று சொல்லிவிட்டு என் கடையில் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். சொம்பைக் கடித்துக்கொண்டே குடித்தார். அர்த்தநாரி கிரில் ஓரத்தில் நகத்தை விட்டு உரிக்க ஆரம்பித்தான், தோல் தாழ்வாகத் தொங்கத் தொங்க அதன் கனம் கையில் இறங்கியது, கரீம் பாயைக் கூப்பிட்டான், இரண்டு பேரும் பிடித்தார்கள். பழக்கத்தால் அவனுக்கு எடை தெரியும்.

"பொம்பளையாட்டம் இருக்குது பாய்," என்றான். "அம்பது கிலோவுக்குள்ள."

மடித்தார்கள், ஏற்றினார்கள். பம்பரின் அடி உதட்டில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு ரப்பர் வரவில்லை. இழுத்தால் தூள் தூளாக உதிர்ந்தது. போன அமாவாசைக்கு முப்பது வண்டி நின்றிருந்தது, டப்பா பற்றவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடம்தானே என்று அடி உதட்டுக்கு ஐந்து கோட்டுக்குப் பதில் மூன்றோடு நிறுத்தியிருந்தான். மெல்லிசாக அடித்த ரப்பர் தோலாகச் சேராது, தோசைக்கல்லில் ஒட்டின மாவு மாதிரிச் சுரண்டச் சுரண்டப் பொடியாகும். அதை எடுக்க ஒரே வழி, அதன்மேலேயே இன்னும் இரண்டு மூன்று கோட் அடித்து, கனமாக்கி, காயவைத்து, பிறகு மொத்தமாக உரிப்பதுதான். "அடியிலதான, கெடக்குது உடு," என்று வையாபுரி அவசரமாக வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அர்த்தநாரி முகம் கழுவிக்கொண்டு டீக்கடைக்குப் போனான். பாதி டீயில்தான் மில்லிலிருந்து ஒரு பெண் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

அவன் அழுததை நான் பார்க்கவில்லை. வேலிமுள்ளில் கிடந்தவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவளைத் தன் இரண்டு கைகளாலும் ஏந்தி ஏந்திப் பார்த்தான். எடை பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்தபோது நான் திரும்பிக்கொண்டேன்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வழக்கம்போல் ரைட்டரைப் பார்த்தார், ரைட்டர் வழக்கம்போல் பேனாவை எடுத்தார். "நிறுத்துங்க," என்றான் அர்த்தநாரி. "அவ தானா உழுவல. வையாபுரி கார். நாந்தான் உரிச்சேன். அடி உதட்டுல ஒரு சாண் வரல, அது இன்னும் வண்டிலயேதான் இருக்குது. வந்து பாருங்க. பாத்துட்டு எழுதுங்க." இன்ஸ்பெக்டர் ரைட்டரின் பேனாவை மூடச் சொன்னார். கண்ணால் பார்த்தால் எழுதுவேன், நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறேன், அதுவரை பதிவேட்டில் அந்த இடம் காலியாக இருக்கட்டும் என்றார்.

அந்த ஒரு சாண்தான் அன்றைக்கு ஊர் முழுக்கப் பேச்சு. விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெய்வானையை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள், நாங்கள் மாலையோடு போனோம், மாலையைப் போட்டுவிட்டு ஒவ்வொருவராக அர்த்தநாரியைத் தனியாகக் கூப்பிட்டோம். ஒரு சாண் எழுதப்பட்டால் கல்லுக்குழியில் கிடப்பதெல்லாம் எழுதப்படும் என்பது எங்களுக்குப் புரிந்திருந்தது. காலேஜ் பஸ் வைத்திருப்பவர் பேசினார். இரண்டு லாரி ஓனர்கள் பேசினார்கள். பூசாரி, தன் மருமகன் பெயரைச் சொல்லாமல், மருமகனுக்காகப் பேசினார். நானும் பேசினேன். "அர்த்தநாரி, போனவ திரும்பி வரப்போறதில்ல. அந்த ஒரு சாணுக்கு மேல ரெண்டு கோட் அடிச்சு எடுத்துரு. ஊரே உனக்குக் கடமைப்பட்டு இருக்கும்," என்று செத்தவள் காலடியில் நின்று இந்த வாயால் சொன்னேன்.

"அண்ணா, அவ உழுவல," என்றான். யார் வந்து என்ன சொன்னாலும் அதே மூன்று சொல்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே நான் கடையைத் திறந்தேன். திறக்கச் சொல்லி வந்தவன் சென்னியப்பன், செத்தவளின் கூடப்பிறந்த தம்பி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இரண்டு டப்பா கேட்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்தேன். தை மாதம் பாலத்துக்குப் பக்கத்தில் தானாக விழுந்த ஒரு கட்டடவேலைக்காரரின் தோல், அவனுடைய முட்டை வேனிலிருந்து உரித்தது, கல்லுக்குழியில் மேலாகவே கிடந்தது. அவன் நேராக வையாபுரியின் ஷெட்டுக்குப் போய், மல்லாந்து படுத்து, பம்பரின் அடி உதட்டுக்கு மூன்று கோட் அடித்து, இடையில் விசிறியைத் திருப்பி வைத்துக் காயவைத்து, எட்டரைக்குள் உரித்து முடித்தான். அந்த ஒரு சாண் துண்டை எடுத்துப்போக வந்த கரீம் பாயின் தள்ளுவண்டி, கரடு ஏறுவதற்குள் அச்சு முறிந்து உட்கார்ந்தது. அவர் அந்த இடத்திலேயே கடப்பாரையால் தோண்டி அதைப் புதைத்தார். மற்றத் தோல்களில் ஆளின் கனம்தான் இருந்தது, இது என்ன கனம் என்று தனக்குத் தெரியவில்லை என்று என்னிடம் சொன்னார்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வையாபுரியின் ஷெட்டுக்கு வந்தார். அர்த்தநாரி பிணத்தை வாசலில் விட்டுவிட்டு வந்து நின்றான். அவர் முட்டிபோட்டு, டார்ச் அடித்து, விரலால் அடி உதட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார். எழுந்து கையைத் தட்டினார். "ஒண்ணுமில்லையேப்பா," என்றார், அவர் குரலில் வருத்தம்கூட இருந்தது.

அர்த்தநாரி கூட்டத்தைப் பார்த்தான். சென்னியப்பனின் சட்டை முதுகில் ஷெட் தரையின் மண் அப்பியிருந்தது.

"மாப்ள, நீயா?"

"எனக்கு ரெண்டு புள்ளைங்க மாமா."

"உங்கக்காடா."

"அக்காதான் மாமா. அக்காதான்." தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நடிப்பில்லை, நிஜமான அழுகை. பதினொரு மணிக்குப் பாடை தூக்கினபோது முதல் தோள் கொடுத்தவனும் அவன்தான். பதிவேட்டில் காலியாக இருந்த இடத்தில், 'சாலையோரம் நடக்கையில் தானாக விழுந்தவர்' என்று ரைட்டர் எழுதினார்.

காரியம் முடிந்து நான்கு நாள் கழித்து நல்லண்ணனின் சம்சாரம் பாவாயி பட்டறைக்கு வந்தாள். அர்த்தநாரி கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு வெறும் தரையில் உட்கார்ந்திருந்தான், அவன் பட்டறை மூடி இருபது நாளாகியிருந்தது, அமாவாசை வேலையெல்லாம் அடுத்த பட்டறைக்குப் போயிருந்தது. பாவாயி அவனுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எங்க ஊட்டுக்காரர உரிச்சதும் நீங்கதானுங்க?"

"ஆமாங்க."

"எத்தன கனம் இருந்தாருங்க?"

"ரெண்டு ஆளு புடிச்சமுங்க," என்றான்.

"அவுரு மெலிஞ்ச ஆளுதான். கேன்ல பால் இருந்திருக்கும்," என்றாள் பாவாயி. அவளுக்கும் எடை வேண்டியிருந்தது போல. ஒரு வருஷமாக அவளிடம் அவள் புருஷனைப் பற்றி உண்மையான ஒரு சேதி சொன்னவன் இவன்தான். எழப்போனவள் அவன் கைகளைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

ரப்பரை உறை போட்ட கையால் உரிக்க முடியாது, நகம் வேண்டும், வெறும் விரல் வேண்டும். வண்டியிலிருந்து வந்தது தோலுக்குப் போனதென்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தோலுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒவ்வொரு தடவையும் அர்த்தநாரியின் விரல்கள் இருந்தன. நகக்கண்ணிலிருந்து மணிக்கட்டுவரை கறுத்திருந்தன, தின்னருக்கும் பெட்ரோலுக்கும் போகாத கறுப்பு. பாவாயி அவன் இடது உள்ளங்கையைத் தொட்டாள், தொட்டதும் சுரீரென்று இழுத்துக்கொண்டாள், மத்தியான ரோட்டில் காலை வைத்த மாதிரி. விரலை மோந்து பார்த்தாள்.

"பால் வாசம் அடிக்குது," என்றாள். "இவுருதான்." அப்புறம்தான் அவள் அழுதாள், ஒரு வருஷத்துக்கும் சேர்த்து.

அர்த்தநாரி எழுந்தான், வேட்டியை உதறிக் கட்டினான், ஸ்டேஷனுக்கு நடந்தான். பாவாயி பின்னால் போனாள். அவர்கள் போவதைப் பார்த்து நான் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனேன், கரீம் பாய் வந்தார், வீதியே வந்தது. அவன் இன்ஸ்பெக்டரின் மேசைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தான்.

"கண்ணால பாத்தாத்தான் எழுதுவேன்னீங்க. பாருங்க."

இன்ஸ்பெக்டர் பார்த்தார். மேசைக் கண்ணாடி சூட்டில் விரிசல் விட்டதையும் பார்த்தார். காசு தொடாதவர் என்று சொன்னேனே, அவர் முகம் மாறியது. ஆனால் சட்டத்துக்கு ஒரு முறை இருக்கிறது.

"இதை வெச்சு எழுதணும்னா மோதுனது நீன்னுதான்யா எழுத முடியும். வண்டில ஒண்ணுமில்ல. ஓட்டுனவங்கமேல ஒண்ணுமில்ல. உன் கைலதான் இருக்குது."

"எழுதுங்க."

"யோசிச்சுப் பேசு. நாப்பத்திரெண்டு சாவு."

"நாப்பத்திரெண்டும் எழுதுங்க. பேரு நான் சொல்றேன். தானா உழுந்தாங்கன்னு இருக்கறத மொதல்ல அடிங்க."

ரைட்டர் பழைய பதிவேடுகளை எடுத்துவந்தார். அர்த்தநாரி நல்லண்ணனிலிருந்து ஆரம்பித்தான். பெயரை மட்டுமல்ல, எந்தக் கிழமை, எந்த வண்டி, எத்தனை கனம், யார் மறுபக்கம் பிடித்தது என்று சொல்லிக்கொண்டே போனான். வண்டி எண்களை ரைட்டர் எழுதவில்லை, பெயர்களை எழுதினார். 'தானாக விழுந்தவர்' என்பதை ஸ்கேல் வைத்து அடித்தார், மேலே 'மோதிக் கொல்லப்பட்டவர்' என்று எழுதினார். சேதி பரவிச் செத்தவர்களின் வீட்டார் வந்துகொண்டே இருந்தார்கள், தாயார்கள் வந்தார்கள், கட்டடவேலைக்காரரின் பெண் பள்ளிக்கூடத்து யூனிபாரத்தோடு வந்தாள், ஒவ்வொருவரும் வரிசையில் நின்று அவன் கையைத் தொட்டார்கள், சுட்டதும் இழுத்துக்கொண்டார்கள், தலையை ஆட்டினார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. கட்டடவேலைக்காரரின் பெண் தொட்டபோது சென்னியப்பன் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.

கடைசிப் பெயர் வந்தது.

"இறந்தவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு?" என்று கேட்டார் ரைட்டர்.

"சம்சாரமுங்க."

"மோதியது?"

"நாந்தானுங்க."

பாவாயி முன்னால் வந்தாள். "அய்யா, இவுரு உரிச்சவருங்க. மோதுனவரு இல்லீங்க. அதச் சேத்து எழுதுங்க."

"அப்படி ஒரு கட்டம் இதுல இல்லம்மா," என்றார் ரைட்டர்.

பிறகு சாட்சிகளைக் கேட்டார்கள். இவன்தான் செய்தான் என்று தெரிந்தவர்கள் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். வாசலில் நின்ற எங்களுக்குள், அந்த ஒரு நொடியில், என்ன ஓடியது என்று மறைக்காமல் சொல்கிறேன்: நெஞ்சு லேசானது. நாற்பத்திரண்டும் ஒருவன் பெயரில் முடிந்துவிட்டால் இனிக் கல்லுக்குழிப் பக்கம் யாரும் போக வேண்டியதில்லை. முதலில் உள்ளே போனது வையாபுரி. அடுத்தது சென்னியப்பன், பெயரைத் தப்பாக எழுதி இரண்டு தரம் போட்டான். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. எனக்குப் பின்னால் காலேஜ் பஸ்காரர், லாரி ஓனர்கள், பூசாரி. கரீம் பாய் மட்டும் வராமல் வேப்பமரத்தடியில் தலைத்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றபடி இடம் போதாமல் ரைட்டர் இன்னொரு தாள் ஒட்ட வேண்டியிருந்தது.

அர்த்தநாரி எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விலங்கு போட வந்த கான்ஸ்டபிள் அந்தக் கைகளைத் தொட முடியாமல் இரண்டு தடவை பின்வாங்கினார், கடைசியில் துணி சுற்றிப் போட்டார். போட்டு முடித்தபின் அர்த்தநாரி ரைட்டரைப் பார்த்து, தன் சம்சாரத்தின் பெயருக்கு நேராக எழுதினதை மட்டும் இன்னொரு தரம் படித்துக் காட்ட முடியுமா என்று கேட்டான்.

ரைட்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "தெய்வானை. வயது முப்பத்தெட்டு. நூல் மில் தொழிலாளி. சாலையை விட்டு இறங்கி ஓரமாக நடந்து சென்றவர். மோதிக் கொல்லப்பட்டவர்."

"சரிங்க," என்றான் அர்த்தநாரி. "இப்ப சரியா இருக்குதுங்க."